வாவிக்கரையில் வானொலிப் பெட்டி

ஒரு நாட்டின் வானொலி வரலாறு எழுதப்படும்போது அது பெரும்பாலும் ஒலிபரப்பு நிலையத்தின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றது. எந்த ஆண்டில் எந்தக் கோபுரம் எழுப்பப்பட்டது, எவர் பணிப்பாளராக இருந்தார், எவருடைய குரல் முதலில் ஒலித்தது என்பனவே அதில் இடம்பெறுகின்றன. ஆயின் ஒலிபரப்பு இரு முனைகளை உடையது. ஒரு முனையில் அனுப்பும் கருவி உண்டு. மறு முனையில் வாங்கும் கருவி உண்டு. அனுப்பும் முனை கொழும்பில் ஓரிடத்தில் நின்றது. வாங்கும் முனையோ நாடெங்குமுள்ள இல்லங்களிலும் கடைகளிலும் வாசிகசாலைகளிலும் பரந்து கிடந்தது. மட்டக்களப்பு வாவியை அடுத்துள்ள ஏறாவூர் போன்றதோர் ஊருக்கு வானொலி எவ்வாறு வந்தது என்னும் வினாவுக்கு நிலையத்தின் ஏடுகள் மட்டும் விடை தரமாட்டா. கம்பி கட்டி, நிலத்தொடுப்புச் செய்து, மின்வலு தேடி, முள்ளைத் திருப்பி ஒலியைப் பிடித்தவர்களின் உழைப்பையும் ஆராய்தல் வேண்டும். அவ்வுழைப்பு ஒருவகைக் கல்வியாகும். புயலும் போரும் இக்கரையைச் சூழ்ந்த காலங்களில் வெளியுலகச் செய்தியை ஊருக்குள் கொணர்ந்தது அக்கல்வியே.

இலங்கையில் ஒலிபரப்பு தொடங்கிய காலம் மிக முற்பட்டதாகும். கொழும்பிலிருந்த தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளரான எட்வேட் ஹாப்பர் என்பார் 1920களின் தொடக்கத்தில் இம்முயற்சியில் இறங்கினார். முதல் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப் பாகங்களைக் கொண்டு அவர் அனுப்பும் பொறியை அமைத்தார் என்று கூறப்படும். மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து 1924ஆம் ஆண்டிற் பரீட்சார்த்தமாக இசைத்தட்டுகள் ஒலிபரப்பப்பட்டன. 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கி வைக்கப்பட்டது. இங்கிலாந்தில் பி.பி.சி. தன் பணியைத் தொடங்கி அப்பொழுது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

எனினும் 1925இற் கொழும்பில் எழுந்த ஒலி கீழ்க்கரையை உடனே எட்டிற்று என எண்ணுதல் தவறாகும். அக்காலத்து எளிய வாங்கி பளிங்குப் பெட்டி எனப்பட்டது. ஒரு பளிங்குத் துண்டும், அதனைத் தொடும் மெல்லிய கம்பியும், காதுக்குழாயும், கம்பிச் சுருளுமே அதன் உறுப்புகள். அதற்கு மின்கலமும் வேண்டியதில்லை. ஆனால் அலையிலிருந்து வரும் ஆற்றலைக் கொண்டே அது இயங்கியமையால், நிலையத்துக்கு அண்மையில் இருந்தோரே அதனாற் பயனடைந்தனர். கொழும்பிலிருந்து ஏறாவூர் நேர்கோட்டில் 200 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ளது. இடையே மத்திய மலைநாடு குறுக்கிடுகின்றது. ஆகவே, நலிந்த அலையை உள்ளே பெருக்கிக் கொடுக்கும் வால்வுப் பெட்டி வந்த பின்னரே இக்கரையார்க்கு வானொலி கைகூடிற்று.

வால்வுப் பெட்டிகளுள்ளும் பெருமாற்றம் விளைத்தது எட்வின் ஆம்ஸ்ற்றோங் என்னும் அமெரிக்கர் 1918ஆம் ஆண்டிற் கண்டறிந்த முறையாகும். வரும் அலை எதுவாயினும் அதனைப் பெட்டிக்குள்ளேயே ஒரு நிலையான இடை அதிர்வெண்ணுக்கு மாற்றி, அதன்பின் பெருக்குவதே அம்முறை. இதனால், நெருங்கி நிற்கும் இரு நிலையங்களைப் பிரித்துக் கேட்டல் எளிதாயிற்று; பல குமிழ்களைத் தனித்தனியே திருப்பும் தொல்லையும் நீங்கி, ஒரே குமிழால் நிலையம் தேடும் வழி உண்டாயிற்று. பிலிப்ஸ், பை, மர்பி முதலிய ஐரோப்பிய நிறுவனங்கள் செய்து விற்ற மரப்பெட்டி வானொலிகள் பெரும்பாலும் இம்முறையில் அமைந்தனவே.

இரண்டாம் உலகப் போர் இலங்கை வானொலியின் வலிமையைப் பன்மடங்கு பெருக்கிற்று. மவுன்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944ஆம் ஆண்டிற் பேராதனையில் அமைந்தது. படையினருக்கென நிறுவப்பட்ட வானொலியின் பொருட்டு ஏக்கலையில் 100 கிலோவாற்று ஆற்றலுடைய சிற்றலை அனுப்பி நாட்டப்பட்டது. போர் முடிந்தபின் அது இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாள் றேடியோ சிலோனின் வர்த்தக சேவை தொடங்கிற்று. 1952இல் இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இந்தியத் துணைக்கண்டத்து நேயர் பலர் இலங்கையை நோக்கித் தம் முள்ளைத் திருப்பினர். எஸ்.பி. மயில்வாகனம் முதலிய தமிழ் அறிவிப்பாளர்களின் குரல் தமிழகமெங்கும் அறிமுகமாயிற்று. தமிழகத்தில் தெளிவாகக் கேட்ட அக்குரலை இலங்கையின் கீழ்க்கரையில் நன்கு கேட்பதற்குச் சிற்சில வேளைகளில் முயற்சி வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் உண்டு.

மத்திய அலை பகலில் நிலத்தை ஒட்டியே செல்கின்றது. மலையும் வறண்ட நிலமும் அதன் வலுவைக் குறைக்கும். இரவிலோ அது வானின் மேலடுக்கில் மோதித் திரும்பி நெடுந்தூரம் பாய்கின்றது. சிற்றலை அவ்வாறு மோதித் திரும்பியே செல்வது. ஆதலால் அனுப்பும் இடத்துக்கு மிக அண்மையிலுமன்றி, மிகத் தொலைவிலுமன்றி இடைப்பட்ட ஊர்களைச் சிலவேளை தாண்டிவிடும். கடலுக்கப்பால் 450 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள திருச்சி நிலையம் இரவில் இக்கரையில் ஒலிப்பதும், தன் நாட்டு நிலையம் பகலில் மங்கிப் போவதும் இயற்கையின் இவ்விதியால் நேர்வனவே. திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஆகவே, வாவிக்கரை நேயர் தொடக்கத்திலிருந்தே இரு நாட்டு ஒலிகளையும் நாடும் பழக்கம் உடையவராயினர். எந்த வேளையில் எந்த அலை நன்கு கேட்கும் என்பதை அவர் நூலிற் கற்கவில்லை. பெட்டியின் முன்னமர்ந்தே கற்றார்.

பெட்டியை விலைகொடுத்து வாங்கியதும் பாட்டுக் கேட்டுவிட முடியாது. முதலில் ஏரியல் கட்டுதல் வேண்டும். வீட்டுக் கூரைக்கு மேலாக இரு தென்னைகளுக்கிடையே, அல்லது தென்னைக்கும் நட்ட கழிக்கும் இடையே, 10 முதல் 15 மீற்றர் நீளமான செப்புக் கம்பி இழுத்துக் கட்டப்படும். கம்பி மரத்தையோ ஓலையையோ தொடுமாயின் அலையின் ஆற்றல் நிலத்துக்குக் கசிந்துவிடும். ஆதலின் இரு முனைகளிலும் பீங்கான் காப்பிகள் கோக்கப்படும். தென்னை காற்றில் ஆடும் இயல்பினது. கம்பியை விறைப்பாகக் கட்டினால் முதற் காற்றிலேயே அறுந்துவிடும். மிகத் தளர்த்தினால் ஒலி ஏறி இறங்கும். ஓரளவு தொய்வு விட்டுக் கட்டுவதே முறை. வாவியின் உப்புக் காற்றிற் செப்புக் களிம்பேறுவதால், இறங்கு கம்பி இணையும் இடத்தை ஈயத்தாற் பற்றவைத்து, ஆண்டுக்கொருமுறை சுரண்டித் துப்புரவு செய்தனர்.

அடுத்தது நிலத்தொடுப்பு. ஈரம் நீங்காத இடத்திற் செப்புக் கோலையோ நாகமுலாம் பூசிய குழாயையோ ஆழமாக இறக்கி, அதனைச் சுற்றிக் கரியும் உப்பும் இட்டு, பெட்டியின் நிலமுனையை அதனோடு இணைப்பர். வாவியோர மண் ஈரமும் உவர்ப்பும் உடையது. அங்கு இது நன்கு வாய்க்கும். மேட்டு மணலிலோ கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலம் காய்ந்து, பெட்டியில் இரைச்சல் மிகும். அப்பொழுது குழாயினடியில் ஒரு குடம் நீர் ஊற்றுவதே மருந்து. கிணற்றடியை அடுத்து நிலத்தொடுப்பு அமைத்தவர்க்கு அத்தொல்லையும் இல்லை. இடிமழைக் காலத்தின் பொருட்டு, ஏரியற் கம்பியைப் பெட்டியிலிருந்து விலக்கி நேரே நிலத்தோடு சேர்க்கும் மாற்றி ஒன்று சுவரிற் பொருத்தப்பட்டது. மாரி தொடங்குமுன் இடி முழங்கும் மாலைகளில் இம்மாற்றியை மறந்த வீட்டில் பெட்டி மட்டுமன்றி உயிரும் ஆபத்துக்கு உள்ளாகும்.

மூன்றாவதும் மிகப் பெரியதுமான தடை மின்வலுவாகும். இலக்சபானா நீர்மின் நிலையத்தின் முதற் கட்டம் 1950இல் இயங்கத் தொடங்கியபோதும், கிராமங்களுட் பெரும்பாலானவற்றுக்கு மின்கம்பி எட்டுவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. ஆகவே ஊர்ப்புற வானொலி பற்றறியை நம்பியே வாழ்ந்தது. வால்வின் இழையைச் சூடாக்க 1.5 வோல்ற்று உலர்கலமும், வால்வை இயக்க 90 வோல்ற்று உலர்கல அடுக்கும் என இருவகைக் கலங்கள் ஒரு பெட்டிக்கு வேண்டியிருந்தன. மோட்டார் வண்டியின் 6 வோல்ற்றுப் பற்றறியால் இயங்கும் பெட்டிகளும் இருந்தன. அப்பற்றறியைச் சுமந்து சென்று மின்னேற்றி மீட்டுவருதல் ஒரு நாள் வேலையாகும். பற்றறி ஓய்ந்துவிடும் என்னும் அச்சத்தால் எதைக் கேட்பது, எதை விடுப்பது என்று இல்லத்தார் தெரிந்து கேட்டனர். செய்திக்கு ஒரு வேளை, பாட்டுக்கு ஒரு வேளை என வகுத்துக்கொண்டனர்.

இத்தடை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அக்காலத்தில் வட றொடீசியா எனப்பட்ட இன்றைய சாம்பியாவில், ஹரி பிராங்க்ளின் என்னும் தகவல் அதிகாரி, ஏழை ஆபிரிக்க மக்களுக்கெனப் பற்றறியால் இயங்கும் மலிவான பெட்டியொன்றைச் செய்விக்கப் பாடுபட்டார். சமையற் பாத்திரத்தின் உருவில் அலுமினியத்தால் அமைந்த அப்பெட்டி 1949ஆம் ஆண்டில் 5 பவுண் விலைக்கு வெளிவந்தது. அதன் பற்றறி ஏறக்குறைய 300 மணிநேரம் உழைத்தது. ஒலிபரப்பு நிலையத்தைக் கட்டிவிட்டாற் போதாது, கேட்பவன் கைக்கு எட்டும் பெட்டியும் வேண்டும் என்பதை அங்கு அரசே உணர்ந்து செயற்பட்டமை குறிப்பிடத்தக்கது. இலங்கையில் அத்தேவையைப் பெரும்பாலும் ஊரவரின் கூட்டு வாழ்க்கையே ஈடுசெய்தது. தேநீர்க் கடையிலோ வாசிகசாலையிலோ வசதி படைத்த ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ இருந்த ஒரு பெட்டி, ஒரு குறிச்சி முழுவதற்கும் உரியதாயிற்று. அநுமதிப் பத்திரம் ஒருவர் பெயரில் இருந்தது. கேட்ட செவிகளோ பல.

பெட்டியை இயக்குதலும் பொறுமை வேண்டிய செயலே. விசையைத் திருப்பியபின் வால்வுகள் சூடேற அரை நிமிடமளவு செல்லும். முகப்பு விளக்கு எரிந்து, மெல்லிய இரைச்சல் எழுந்த பின்னரே முள்ளை நகர்த்துதல் வேண்டும். சிற்றலையில் மயிரிழை அளவு நகர்வும் நிலையத்தைத் தவறவிடும். 1930களின் நடுப்பகுதியில் அறிமுகமான பச்சைக் கண் என்னும் வால்வு சில பெட்டிகளில் இருந்தது; நிலையம் சரியாக அமைந்தவிடத்து அதன் நிழல் ஒடுங்கும். அக்கண் இல்லாத பெட்டியிற் செவியே அளவுகோல். பேச்சு கரகரப்பின்றி ஒலிக்கும் நடுவிடத்தைக் கண்டுகொள்ளுதல் பழக்கத்தால் வருவது. இதனால் ஊருக்கு ஒருவர் அல்லது இருவர் பெட்டி திருப்புவதில் வல்லவர் எனப் பெயர் பெற்றனர்.

இந்நிலையை மாற்றியது திரான்சிஸ்ரர். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1947ஆம் ஆண்டு டிசெம்பரில் உருவான இச்சிறு பொருள், 1954ஆம் ஆண்டிற் கைக்கு அடக்கமான வானொலியாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டில் யப்பானியரும் தமது பெட்டியை வெளியிட்டனர். சூடேற வேண்டிய இழையும் இல்லை. 90 வோல்ற்று அடுக்கும் இல்லை. கைவிளக்குக்கு இடும் சில கலங்களே போதுமாயின. வயற் காவற் பரணுக்கும் மீன்பிடித் தோணிக்கும் வானொலி சென்றது. பெட்டி தனிமனிதனின் உடைமையாயிற்று; அதே வேளையில், திண்ணையில் ஒன்றுகூடிக் கேட்டு, கேட்டதைப் பற்றி வாதிடும் வழக்கம் மெல்லத் தளர்ந்தது.

அடுத்த மாற்றம் கடல் கடந்து வந்தது. 1977ஆம் ஆண்டின் பொருளாதாரத் திறப்பின் பின், கீழ்மாகாணத்தவர் பலர் அரபு நாடுகளுக்குத் தொழிலின் பொருட்டுச் சென்றனர். அவர்கள் திரும்பி வருகையில் கொணர்ந்த பொருள்களுள் யப்பானிய ஸ்டீரியோப் பெட்டிக்குச் சிறப்பிடம் உண்டு. ஒலியை இருவழியாகப் பதிந்து இருவழியாகவே ஒலிப்பிக்கும் இம்முறைக்கு பிரித்தானியரான அலன் புளூம்லைன் 1931ஆம் ஆண்டிற் காப்புரிமை கோரியிருந்தார். 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பண்பலை வழியாக ஸ்டீரியோ ஒலிபரப்புத் தொடங்கிற்று. அம்முறையில் 19 கிலோஹேட்ஸ் அதிர்வெண்ணுடைய வழிகாட்டி ஒலியொன்று மறைவாக உடன் செல்லும். அதனை உணர்ந்ததும் பெட்டியின் முகப்பிற் சிறு விளக்கு எரியும். ஆயின் பண்பலை ஒலிபரப்பு இப்பகுதியிற் பரவாத அக்காலத்தில் அவ்விளக்கு எரிய வாய்ப்பில்லை. ஆகவே விலையுயர்ந்த அப்பெட்டிகள் ஒலிநாடாவை ஒலிப்பிக்கவும், பழைய மத்திய அலையை ஒருவழி ஒலியாகத் தரவுமே பயன்பட்டன. 1990களிற் தனியார் பண்பலை நிலையங்கள் தோன்றிய பின்னரே அவ்விளக்கு தன் பணியைச் செய்தது.

இப்பெட்டியை நிறுவுவதற்கும் புதிய அறிவு வேண்டியிருந்தது. சவூதி அரேபியாவின் பல பகுதிகளில் அக்காலத்தில் 127 வோல்ற்று மின்சாரமே வழங்கப்பட்டது. இலங்கையிலோ 230 வோல்ற்று. பெட்டியின் பின்புறத்து மின்னழுத்த மாற்றியை முதலில் திருப்பாமற் செருகியவர் பெட்டியைப் புகையாகக் கண்டனர். இரு ஒலிபெருக்கிகளையும் இணைக்கும்போது சிவப்பு முனைக்குச் சிவப்பும், கறுப்பு முனைக்குக் கறுப்புமாகப் பொருத்துதல் வேண்டும். ஒன்றை மாற்றிப் பொருத்தினால் ஒன்று காற்றை முன்னே தள்ளும் வேளையில் மற்றது பின்னே இழுக்கும். தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே அலுமாரியில் ஒட்டி வைத்தால் இருவழி ஒலியின் பயன் இல்லை. அவற்றுக்கிடையே உள்ள தொலைவும் கேட்பவர்க்குள்ள தொலைவும் ஏறக்குறையச் சமமாகும்படி முக்கோணமாக அமைத்தலே நன்று.

இவ்வறிவு ஆடம்பரத்தின் பாற்பட்டதன்று என்பதை இக்கரையின் துன்ப வரலாறு காட்டுகின்றது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி நூற்றுக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. தென்னந் தோட்டங்கள் அடியோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தவிடத்து மின்சாரத்தை நம்பிய பெட்டிகள் ஊமையாயின. தென்னைகளோடு அவற்றிற் கட்டிய ஏரியல்களும் வீழ்ந்தன. வீதியும் தந்தியும் அறுந்துபோன அவ்வேளையிற் கலங்களால் இயங்கும் சிறுபெட்டியே வெளியுலகோடு எஞ்சிய தொடர்பாகும்.

போர்க்காலம் இதனினும் நீண்ட சோதனை. 1990ஆம் ஆண்டின் பின் வடபகுதியில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பற்றறிகளுக்கும் தடை விதிக்கப்பட்டபோது, மக்கள் துவிச்சக்கர வண்டியின் தைனமோவைக் கொண்டு வானொலியை இயக்கினர். வண்டியை நிறுத்தி ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் சூழ்ந்திருந்து செய்தி கேட்டனர். தைனமோ தருவது ஆடலோட்ட மின். பெட்டி வேண்டுவது நேரோட்ட மின். இடையே இருவாய்களை இணைத்து அதனை நேராக்கும் வழியை ஊர்ப் பையன்களும் அறிந்திருந்தனர். கீழ்க்கரையிலும் ஊரடங்கு வேளைகளிற் சிற்றலையே துணை. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழ்ச் சேவையின் தமிழோசையைக் கேட்பதற்காகவே தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் வீடுகளிற் கதவடைத்து, ஒலியைத் தாழ்த்தி, ஒரே அலையில் முள்ளை வைத்தனர். அடுத்த ஊரிற் போய்வர இயலாத நாள்களில் அங்கு நிகழ்ந்ததை இலண்டனிலிருந்து வந்த குரல் அறிவித்தது. இரு சமூகத்தாரும் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த அக்கொடிய காலத்திலும் அவர்கள் கேட்ட செய்தி ஒன்றாகவே இருந்தது என்பது வரலாற்று மாணவர் எண்ணிப் பார்க்கவேண்டியதொன்று. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017ஆம் ஆண்டு ஏப்பிரலுடன் நின்றது.

இன்று செய்தி கைத்தொலைபேசியில் வருகின்றது. வால்வுப் பெட்டிகளும் பழைய ஸ்டீரியோப் பெட்டிகளும் பரணிலும் களஞ்சியத்திலும் கிடக்கின்றன. அவற்றை மீட்டு இயக்க விரும்புவோர் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். நெடுநாள் உறங்கிய பெட்டியை நேரே மின்சாரத்திற் செருகுதல் ஆகாது. உள்ளிருக்கும் மின்பகு கொள்ளளவிகள் காலத்தால் உலர்ந்து, மின்னைத் தடுக்கும் இயல்பை இழந்திருக்கும். 60 அல்லது 100 வாற்று இழைவிளக்கொன்றைத் தொடரில் இணைத்து முதலில் மின்கொடுத்தல் நன்று. விளக்கு கணப்பொழுது ஒளிர்ந்து மங்குமாயின் பெட்டி பெரும்பாலும் நலமுடையது; குன்றாது எரியுமாயின் உள்ளே குறுஞ்சுற்று உண்டு, உடனே நிறுத்துதல் வேண்டும். மின்னை நிறுத்திய பின்னரும் கொள்ளளவிகள் உயிருக்கு ஊறு செய்யுமளவு ஏற்றத்தைத் தாங்கியிருக்கக்கூடும். சில வால்வுப் பெட்டிகளின் உலோகச் சட்டம் மின்கம்பியோடு நேரே தொடர்புடையது. அத்தகையவற்றை அறியாதார் திறத்தல் கூடாது. பழுது பார்த்துப் பழகிய முதியவரின் முன்னிலையிற் கற்பதே பாதுகாப்பான வழி.

அம்முதியவர்களின் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. கோயிற் கல்வெட்டையும் ஏட்டுச் சுவடியையும் பேணுதல் கடமை என்பதை இன்று யாவரும் ஏற்பர். ஊரின் செவியாக விளங்கிய பெட்டியும் அவற்றைப் போன்ற சான்றே. ஓர் அநுமதிப் பத்திரம், அதனை வைத்திருந்த இல்லம் எது என்பதைக் கூறும். பெட்டியின் முகப்பிற் கீறிய பென்சிற் குறி, அவ்வீட்டார் விரும்பிக் கேட்ட நிலையத்தைக் கூறும். பழுது பார்த்தவரின் கணக்குப் புத்தகம், எத்தகைய பெட்டிகள் எக்காலத்தில் ஊருக்குள் வந்தன என்பதைக் கூறும். வாவியின் இரு கரைகளிலுமுள்ள பாடசாலைகள் இவற்றைத் தேடித் தொகுத்து, முதியோரின் வாய்மொழியையும் உடன் பதிந்து வைக்குமாயின், எந்தத் திணைக்களத்து அறிக்கையிலும் காணக்கிடையாத வரலாறொன்று எழுதப்படும். மக்கள் எதைக் கேட்டனர் என்பதோடு, அதனைக் கேட்பதற்கு எவ்வளவு பாடுபட்டனர் என்பதையும் அவ்வரலாறு வருங்காலத்தார்க்கு உணர்த்தும்.